பள்ளியும் பின்னலும் இல்லமும்: இடையன்குடி எலைசா அம்மையார்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழ் அவைகளில் கால்டுவெல்லின் பெயர் பேசப்படாத ஆண்டு இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்ததும், 1875இல் அது விரிந்த இரண்டாம் பதிப்பைக் கண்டதும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை 2011இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. அந்த வீட்டிற்குள் ஒரு மேசையில் இலக்கணம் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறொரு கை வெண்ணூலைக் கொண்டு வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்தக் கைக்கு உரியவர் எலைசா கால்டுவெல். பள்ளி ஆசிரியை, ஏழு பிள்ளைகளின் தாய், ரேந்தை பின்னக் கற்றவர், கற்பித்தவர். இம்மூன்றையும் ஒருவர் எப்படி ஒருசேர நடத்தினார் என்பதே இவ்வுரையின் பொருள். இவ்வவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகள் பலருக்கு அது பழங்கதையாகத் தோன்றாது.

எலைசாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவருடைய தாயாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தனர். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசின் பகுதி. பெண் பிள்ளைகளை எழுத்தறிய அனுப்புவது வழக்கத்தில் இல்லாத காலம். மார்த்தா அம்மையார் பெண்களுக்கென விடுதியோடு கூடிய பள்ளியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் உள்ள டதி பெண்கள் பள்ளி தன் வரலாற்றை அந்த 1819ஆம் ஆண்டிலிருந்தே எண்ணி வருகிறது. பள்ளி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1820களின் முற்பகுதியில், அங்கே ரேந்தைப் பின்னலும் தொடங்கிற்று.

ரேந்தை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று 'லேஸ்' என்று வழங்கும் பொருளுக்கு அகராதி தரும் தமிழ்ச் சொல் ரேந்தை. அதன் வேர் போர்த்துக்கீசியச் சொல்லான 'ரெந்தா'. ஈழத்திலும் சிங்களத்திலும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே வழங்குகிறது. ஆங்கிலேயப் பெண்கள் கற்பித்த தொழிலுக்குப் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பெயர் பொருந்தி நின்றது கடற்கரை மொழியின் இயல்பு. சாவியும் அலமாரியும் சன்னலும் வந்த வழியிலேதான் ரேந்தையும் வந்தது.

நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டது தலையணை ரேந்தை. அதன் செய்முறையைச் சற்று விரிவாகவே காண்பது நல்லது. பின்னே சொல்லப்போவது அதைச் சார்ந்தது. இறுக அடைத்த ஒரு தலையணை. அதன்மேல் துளைகளால் கோலம் குறிக்கப்பட்ட தடித்த தாள். துளைதோறும் ஒரு குண்டூசி. நூலின் முனைகளில் விரல் நீளமுள்ள சிறு கட்டைகள் தொங்கும்; அவை எப்போதும் இணை இணையாகவே இருக்கும். பின்னுபவர் கையில் உள்ள அசைவுகள் இரண்டே இரண்டு. ஒரு நூலை மற்றொன்றின்மேல் குறுக்கே விடுதல்; இரண்டையும் முறுக்குதல். இவ்விரண்டு அசைவுகளின் வரிசை மாறுவதால் இலையும் பூவும் வலையும் பிறக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குண்டூசியைக் குத்தி நூலை நிலைநிறுத்த வேண்டும். தேர்ந்த கைகூட ஒரு நாளில் பின்னும் நீளம் சிறிதே. கோலம் நுண்ணியதாக ஆக, அந்த நீளம் இன்னும் குறுகும்.

இந்தத் தொழிலை மார்த்தா அம்மையார் கற்பித்தது பொழுதுபோக்குக்காக அன்று. பெண்பள்ளிக்குக் கட்டணம் செலுத்த எவரும் முன்வராத நாளில், விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் தர வேண்டியிருந்தது. பிள்ளைகள் படித்தார்கள், பின்னினார்கள். பின்னியது ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. விற்ற பணம் பள்ளியைத் தாங்கிற்று. திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. 1855ஆம் ஆண்டில்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. விரலளவு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்ட அசைவுகளால் ஒரு பெண் தன்னைத் தானே விலைக்கு வாங்கினாள் என்பதைக் கேட்டுவிட்டு எளிதில் கடந்து செல்ல இயலாது. மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்த நாட்டில் நடந்தது இது. எல்லாச் சமயத்து நாடார் பெண்களும் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது 1859இல்தான்.

இந்த வீட்டில் 1822ஆம் ஆண்டில் பிறந்தவர் எலைசா. தாய் நடத்திய பள்ளியின் ஓசையும் தமிழும் ஒருசேரக் காதில் விழ வளர்ந்தவர். 1844ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாகர்கோவிலில் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. கணவருக்குத் தமிழ், கற்றுக்கொண்ட மொழி. மனைவிக்கு அது பிறந்த ஊரின் மொழி. மணமானதும் இருவரும் இடையன்குடிக்கு வந்தனர். எலைசா அம்மையார் வந்தவுடன் தொடங்கியவை இரண்டு: பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, தாயிடம் கற்ற ரேந்தை.

இடையன்குடி திசையன்விளைக்கு அருகே உள்ள ஊர். செம்மண் தேரி, பனை, வெயில். நாகர்கோவிலின் வயலும் வாழையும் இங்கில்லை. ஊரின் வாழ்வு பனையில் தொங்கியது. பதநீர்க் காலத்தில் ஆண் நாள்தோறும் பனையேறி இறக்கிய பதநீரைப் பெண் அடுப்பேற்றிக் காய்ச்சுவாள். அந்த அடுப்பை விட்டு எழ முடியாது. பாகு முந்தினால் கட்டியாகாது; முற்றினால் கருகிப் போகும். குழந்தை அழுதாலும் பாகு காத்திருக்காது. பதம் வந்த கணத்தில் சிரட்டைகளில் ஊற்றியாக வேண்டும். காலமோ ஆண்டில் சில திங்கள்தான். எஞ்சிய திங்கள்களில் வேலையும் இல்லை, காசும் இல்லை.

ரேந்தைத் தலையணை இதற்கு நேர்மாறானது. எந்தக் கணத்திலும் அதைப் பாதியில் வைத்துவிட்டு எழலாம். குண்டூசிகள் நூலை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டால் தேரி மணலும் படாது. ஒரு மணி கழித்தோ ஒரு நாள் கழித்தோ துணியை விலக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கம்பளி நூலைக் கொண்டு இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலுக்கும் இதே குணம் உண்டு. கண்ணிகள் ஊசியில் ஏறி நிற்கும், ஓடிவிடா. எலைசா அம்மையாரின் நாள் எப்படி மூன்றையும் தாங்கியது என்ற வினாவுக்கு விடையின் பெரும்பகுதி இந்தக் குணத்தில் இருக்கிறது.

1970ஆம் ஆண்டில் அமெரிக்க மானிடவியலாளர் ஜூடித் பிரவுன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உலகின் பல சமூகங்களில் எந்த வேலைகள் பெண்ணின் வேலைகளாகின்றன என்பதே அதன் வினா. உடல் வலிமையையோ இயல்பையோ அவர் காரணமாகக் காட்டவில்லை. கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலையா என்று நோக்கினார். இடையில் நிறுத்தித் தொடரக்கூடியது, திரும்பத் திரும்பச் செய்வது, குழந்தைக்கு ஆபத்தில்லாதது, வீட்டை விட்டு நெடுந்தூரம் அகலத் தேவையில்லாதது: இத்தகைய வேலைகளே பெண்ணிடம் சேர்கின்றன என்றார். 1994இல் எலிசபெத் வேலண்ட் பார்பர் நூற்பும் நெசவும் பற்றி எழுதிய வரலாறு இக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டது. தமிழர்க்கு இது புதிதன்று. பகல் வேலைகள் ஓய்ந்தபின் சிறு விளக்கொளியில் பஞ்சைச் சீர்செய்ய எழுந்த பெண்ணைப் புறநானூற்றின் 326ஆம் பாட்டு காட்டியிருக்கிறது. ஆயினும் பிரவுன் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று ரேந்தைக்கு முழுதும் பொருந்தாது. நூற்றுக்கணக்கான குண்டூசிகள் குத்திய தலையணை தவழும் குழந்தைக்கு எட்டக்கூடாது. தாய் எழுந்து போகும்போது துணியைப் போர்த்தினால் மட்டும் போதாது. உயரத்தில் தூக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏடுகளில் கட்டுரை எழுதுவோர் கண்ணில் படாத செய்தி இது. பின்னுபவர் எவரும் சொல்வார்.

இங்கே ஓர் உண்மையை மறைத்துவிடல் ஆகாது. மிஷன் இல்லங்களில் சமையலுக்கும் குழந்தைக்கும் ஆள் இருந்தனர். எலைசா அம்மையார் தம் கையால் நெல் குற்றியவரோ தண்ணீர் சுமந்தவரோ அல்லர். பள்ளிக்கும் பின்னலுக்கும் அவருக்குக் கிடைத்த பொழுதில் ஒரு பகுதி வேறு பெண்களின் உழைப்பால் கிடைத்தது. அப்பெண்களின் பெயர்களை எந்த நூலும் சொல்லவில்லை. இதைக் கூறுவது அம்மையாரின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. மூன்றையும் ஒருத்தியே தனித்துச் சுமந்தாள் என்று மேடையில் புகழ்வது, அதைக் கேட்டு வீடு திரும்பும் ஆசிரியையின் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றிவிடும். மூன்றும் நடந்தன என்றால் மூன்றிலும் பங்குகொண்ட கைகள் பல.

அதே வீட்டில் பொழுது எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. கால்டுவெல்லின் வேலை தொடர்ச்சி வேண்டும் வேலை. பன்னிரண்டு மொழிகளின் வேற்றுமை உருபுகளை மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினால் நூல் அறும். ஊர் ஊராகச் செல்லும் பயணங்களும் அவருக்கு இருந்தன. ஆகவே கதவைத் திறப்பது மனைவியின் வேலையாயிற்று. நோயுற்ற பிள்ளை, பேறுகாலத்துப் பெண், பள்ளிக்கு மகளை அனுப்ப மறுக்கும் தகப்பன், ஊதியம் கேட்டு நிற்கும் பணியாள்: இவர்களுக்கெல்லாம் எழுந்து வந்து விடை சொல்லக்கூடியவர், பாதியில் வைத்துவிட்டு எழக்கூடிய வேலையைக் கையில் வைத்திருந்தவரே. உடையாத பொழுது ஒருவருக்கு, உடைந்த பொழுதுகள் மற்றவருக்கு. உடையாத பொழுதில் விளைந்தது ஆசிரியர் பெயருடன் அச்சேறியது. உடைந்த பொழுதுகளில் விளைந்தது முழக்கணக்கில் விற்கப்பட்டு, எவருடைய உடையின் ஓரத்திலோ தைக்கப்பட்டு, தேய்ந்து போயிற்று. ஒப்பிலக்கணத்தின் அருமையை அறிந்த அவை இது; அதன் பெருமைக்கு இச்சொற்களால் ஒரு குறையும் வாராது. அந்த வீட்டின் கணக்கில் இந்த வரியும் எழுதப்பட வேண்டும் என்பதே கருத்து.

இனிப் பள்ளியின் பக்கத்திலிருந்து ஒரு வினா. பின்னல் பள்ளியைத் தாங்கிற்று. ஆனால் பின்னல் படிப்பைத் தின்றுவிட்டதா? விற்கும் பொருள் ஒன்று பள்ளிக்குள் வந்துவிட்டால் அதற்குப் பசி உண்டு. வாங்குவோர் விரைந்து கேட்பர். விரல் கூர்மையுள்ள சிறுமிக்கு எழுத்தைவிடத் தலையணையின்முன் அதிக நேரம் கிடைக்கும். கைத்தொழிலும் கல்வியும் சேர்ந்த எல்லா முயற்சிகளிலும் இவ்வச்சம் எழுந்திருக்கிறது. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் தொழில்வழிக் கல்வியை முன்வைத்தபோதும், பிள்ளைகளின் தக்ளி நூலால் பள்ளிச் செலவு நடக்க வேண்டுமா என்ற வாதம் எழுந்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த அரை நாள் திட்டம், மகனைத் தகப்பன் தொழிலுக்கே திருப்பிவிடும் என்ற எதிர்ப்பில் நொறுங்கி, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது.

ஆனால் ரேந்தை அந்த வகைப்பட்டதன்று. கடல் கடந்து வந்த அத்தொழில் தென் திருவிதாங்கூரிலோ நெல்லைத் தேரியிலோ எந்தச் சாதிக்கும் குலத்தொழிலாக இருக்கவில்லை. எவருடைய தகப்பனும் அதைச் செய்ததில்லை. எவருடைய பாட்டியும் அதைச் செய்து இழிவுபட்டதில்லை. பனையேறியின் மகளும் அடிமையின் மகளும் ஒரே இரண்டு அசைவுகளைத்தான் கற்றனர். தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போட்ட சமூகத்தில், பிறப்போடு முடிச்சில்லாத ஒரு தொழில் பள்ளியின் வழியாக வந்தது. இதனை எடையிட்டால், படிப்பு நேரத்தில் பின்னல் எடுத்துக்கொண்ட பங்கை மன்னிக்கலாம் என்று தோன்றும். அச்சிறுமிகளுள் ஒருத்தியே தன் வாயால் சொல்லிவைத்திருந்தால் இந்த வழக்கைத் தீர்ப்பது எளிதாக இருந்திருக்கும்.

ரேந்தை பிறகும் பரவிற்று. 1897ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டரும் அவர் வழிவந்த கன்னியரும் ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வியோடு ரேந்தையும் பூவேலையும் கற்பித்தனர். எழுத்தும் ஊசியும் ஒரே கூரையின்கீழ் என்ற ஏற்பாடு, மார்த்தா அம்மையார் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கழித்தும், மிஷன் வேறாயினும் மொழி வேறாயினும், அதே மண்ணில் தொடர்ந்தது.

அதன்பின் தமிழகத்துப் பள்ளிகளில் தையல் ஆசிரியை என்ற பதவி அமைந்தது. ஊர்ப்புறப் பெண்கள் பலர் அந்தப் படியில் கால்வைத்தே அரசுப் பணிக்கு வந்தனர். காஜா எடுத்தல், சங்கிலித் தையல், குரோஷா, கம்பளிப் பின்னல் என்று வாரத்தில் ஒரு பாடவேளை அவர்களுக்கு இருந்தது. ஆனால் கணக்கு ஆசிரியர் வராத நாளில் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். தேர்வு நெருங்கினால் பின்னல் பையைத் திறக்கவே இடமிராது. 2012ஆம் ஆண்டில் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தபோது, ஓவியமும் உடற்பயிற்சியும் தையலும் போன்ற பாடங்கள் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. வாரத்தில் மூன்று அரை நாள். தொடக்க ஊதியம் திங்களுக்கு 5,000 ரூபாய். ஒரு காலத்தில் பள்ளிக்கே சோறிட்ட பாடம், தன்னைக் கற்பிப்பவருக்கு முழு நாளையும் தர இயலாத நிலைக்கு வந்தது. மூன்று அரை நாள் வேலை குடும்பப் பெண்ணுக்கு வசதிதானே என்று சொல்வோர் உண்டு. அரை நாள் ஊதியத்தில் முழுக் குடும்பம் நடத்தியவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

பள்ளிக்கு வெளியேயும் பின்னல் வாழ்ந்தது. விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்து, மறுநாள் குழம்புக்குப் புளியை ஊறப்போட்டபின், திண்ணையில் கால் நீட்டி ஒயர்க் கூடை பின்னிய ஆசிரியைகளை அறியாத தெரு தமிழகத்தில் இருந்திராது. 1970களிலும் 80களிலும் வளர்ந்த பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தைச் சுமந்து சென்றது அக்கூடைகளில்தான். ஆசிரியையின் தாயோ மாமியாரோ அருகில் அமர்ந்து ஒயரை அளந்து வெட்டித் தருவார். மகள் அடிப்பின்னலைப் போடுவாள். கணவர் கைப்பிடியை இறுக்கிக் கொடுத்த வீடுகளும் உண்டு. அங்கே பின்னல் குடும்பத்தோடு போட்டியிடவில்லை. குடும்பம் ஓரிடத்தில் உட்கார்ந்ததே அதனால்தான். இடையே பால்காரர் வந்தால் கூடையைப் பாயில் வைத்துவிட்டு எழலாம். இடையன்குடித் தலையணையின் குணம் இந்தப் பிளாஸ்டிக் ஒயருக்கும் இருந்தது.

எலைசா அம்மையார் கணவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1899ஆம் ஆண்டு சூன் திங்களில் காலமானார். பல ஆண்டுகள் பெண்கல்விக்கு உழைத்தவர். அவர் எழுதிய நூல் என்று தமிழுலகம் போற்றும் ஏடு எதுவும் இல்லை. அவர் கற்பித்த பின்னலோ ஊர்ப் பெயரைச் சுமந்து இருபதாம் நூற்றாண்டிலும் இடையன்குடியில் தொடர்ந்தது.

இலக்கிய வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து இவ்வுரை அமைகிறது. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று ஒயர்க் கூடைக்காரப் பெண்கள் வழங்கும் பெயர்கள் உள்ளன. குமரிப் பகுதியில் ரேந்தைக் கோலங்களுக்கும் கட்டைகளுக்கும் தலையணைக்கும் பின்னுவோர் வழங்கிய சொற்கள் இருந்திருக்க வேண்டும். உழவுச் சொற்களையும் மீனவச் சொற்களையும் தொகுத்தோர் இவற்றின் பக்கம் அதிகம் வந்ததில்லை. இவற்றை அறிந்த மூதாட்டியர் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். வட்டத்தின் மகளிர் உறுப்பினர்களும் ஆசிரியைகளும் விடுமுறை நாட்களில் அவர்களைக் கண்டு, சொல்லையும் செய்முறையையும் முடிந்தால் ஒரு சாண் பின்னலையும் சேர்த்து எழுதிவைத்தால், பதினோராம் ஆண்டின் முதற்பணியாக அதனை மேற்கொள்ளலாம்.